தலை திருப்பினால் பெயிலா?

2021 பிப்ரவரி அண்ணா பல்கலைக்கழக ஆன்லைன் தேர்வு நினைவிருக்கா உடன்பிறப்பே? ஒரு மணி நேரம். விடையை டிக் அடிக்கணும். கண்காணிப்பது செயற்கை நுண்ணறிவு. முகம் கேமராவை விட்டு விலகினால் எச்சரிக்கை, பின்னால் அம்மா கூப்பிட்டால் சந்தேகம்! முறைகேடு என்று பலருக்கு ரிசல்ட்டே நிறுத்தம். பெயில் ஆனவர்களோ ஏராளம்.

அன்றைய ஆட்சி தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் மொட்டைமாடி ஏறினால்தான் டவர் கிடைக்கும் ஊரில் அதை வைத்து என்ன செய்ய?

மே மாதம் கழக ஆட்சி. அதே மாதமே மறுதேர்வு அறிவித்தார் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி. பழையபடி 3 மணி நேரம், பேனா, பேப்பர். வீட்டில் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பலாம்.

நாளைக்கு யாராவது "இனி எல்லாமே ஆன்லைன்"னு வந்தா, இதை மட்டும் கேளுங்க: நடுவுல நெட் கட்டானா, அந்தப் பிள்ளையோட மார்க்குக்கு யார் பொறுப்பு?