'வந்து போகட்டும்' என்பது யாருக்கு?

"சளி, காய்ச்சல் வந்து போனால்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறும். முகக்கவசம், தடுப்பூசி என்று மழைக்காலந்தோறும் பயமுறுத்தாதீர்கள்" என்கிறார் நண்பர். அவருக்கு வந்து போய்விடும். ஆனால், அவர் இருமும்போது எதிர் இருக்கையில் இருக்கும் கைக்குழந்தைக்கு? ஆறு மாதம் நிறையும் வரை ஃப்ளூ தடுப்பூசியே போட முடியாது. தாய் கர்ப்ப காலத்தில் போட்டிருந்தால் ஓரளவு பாதுகாப்பு; மற்றபடி நாம் காட்டும் கவனம்தான்.

எதிர்ப்புச் சக்தி வாதமும் அரைகுறை. ஃப்ளூவைத் தரும் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் மாறிக்கொண்டே இருப்பது. போன வருடக் காய்ச்சல் இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. உலக அளவில் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை பருவகால ஃப்ளூவின் சுவாசச் சிக்கல்களால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ஐப்பசி மழையில் டவுன் பஸ்ஸைப் பாருங்கள்: ஷட்டர் அத்தனையும் இறக்கி, எண்பது பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைக்கு மதியத்துக்குள் மறுபடி கொதிக்கிறது. அதற்குள் பெஞ்சில் உள்ளவர்களுக்கும் தொற்றியிருக்கலாம். பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். லீவு போட்டால் கூலி போய்விடும். நூறு சதவீத வருகைக்குப் பரிசு தரும் பள்ளிகளைக் கட்டாயம் குறை சொல்வேன்.

வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், 'வந்து போகட்டும்' என்று காத்திருக்காதீர்கள். ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.