மூத்தோருக்கு ஒரு மாரிப் பள்ளி

வடகீழ்ப் பருவக்காற்று எழுந்து கொட்டியாரக் குடாவின்மேல் முகில் கறுத்துவிட்டால், பாலையூற்றில் வீட்டுக் கதவுகள் நேரத்தோடு சாத்தப்படுகின்றன. ஒக்டோபர் நடுப்பகுதியிற் பிடிக்கும் மழை தை பிறக்கும்வரை விட்டுவிட்டுப் பெய்கின்றது. திருகோணமலை ஓராண்டிற் பெறும் மழையிற் பெரும்பகுதி இச்சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. இளையோருக்கு மாரி பெருந்தடை அன்று. குடையைப் பிடித்துக்கொண்டு தம் அலுவல்களைப் பார்க்கப் போய்விடுவர். அறுபதைக் கடந்தோர் நிலை வேறு. வழுக்கும் ஒழுங்கையும் குடையும் மூட்டுவலியும் சேர்ந்து, கோயிலுக்கும் சந்தைக்கும் போகும் வழக்கத்தை நிறுத்திவிடுகின்றன. விறாந்தையிற் சாய்மனைக் கதிரை, பகலில் ஒரு கண்ணயர்வு, மாலையிற் தேநீர், இரவில் தொலைக்காட்சித் தொடர். இவ்வளவோடு ஒரு நாள் முடிகின்றது. இப்படி நூறு நாட்கள்!

பனி விழும் நாடுகளிலும் முதியோரின் நிலை இதுவே. மழைக்குப் பதிலாகப் பனி. விறாந்தைக்குப் பதிலாகக் கண்ணாடி யன்னல். ஆனால் அங்குள்ள மூத்தோர் பலர் அந்த அடைபட்ட மாதங்களைக் கல்விக்குரிய மாதங்களாக மாற்றிக்கொண்டுள்ளனர். குளிர்காலத் தொடர் என்று பெயரிட்டு, வாரம் ஒரு சொற்பொழிவு அல்லது வகுப்பு, வீட்டிலிருந்தபடியே கணினியிலோ கைத்தொலைபேசியிலோ கேட்கின்றனர். வானியல், வரலாறு, இசை, பிறமொழி என்று பலவும் அங்கே பாடமாகின்றன. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. இத்தகைய ஏற்பாடு எமது மூத்தோருக்கும் ஏற்குமா என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இதன் தோற்றத்தைச் சிறிது நோக்குதல் தகும். 1973-ஆம் ஆண்டிற் பிரான்சின் துலூசு நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பியர் வெல்லா என்பார் ஓய்வு பெற்றவர்களுக்கென ஒரு கல்வித்திட்டத்தைத் தொடங்கினார். 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்பது அதற்கு இட்ட பெயர். இளமை முதல் வயது. உழைப்பும் குடும்பமும் இரண்டாம் வயது. கடமைகள் குறைந்து தமக்கென நேரம் வாய்ப்பது மூன்றாம் வயது. இக்கருத்து ஆங்கில நாட்டிற் கேம்பிறிட்ஜ் நகருக்கு 1981-ஆம் ஆண்டளவில் வந்தபோது, வரலாற்றாசிரியர் பீற்றர் லாசிலெற், சமூகவியலாளர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்ரர் ஆகிய மூவரும் அதனை வேறு வழியில் திருப்பினர். பிரான்சிற் பல்கலைக்கழகம் கற்பித்தது; முதியோர் கேட்டனர். கேம்பிறிட்ஜிலோ முதியோரே ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். ஓய்வு பெற்ற மாலுமி கடலைப் பற்றிப் பேசுவார். அடுத்த வாரம் அவரே மாணவராயிருந்து தையற்காரரிடம் துணிவகை அறிவார். இன்று அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. வீட்டைவிட்டு வெளியேற இயலாதோருக்கென 1990-களின் இறுதியில் ஒஸ்திரேலியாவில் இணையவழிக் கிளையொன்று தோன்றியது. 2020-இற் பெருந்தொற்று வந்து உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தபோது, முதியோர் பலர் முதன்முறையாகத் திரைவழி வகுப்புக்குப் பழகினர்.

இவையெல்லாம் வெள்ளைக்காரரின் புதுமை என்று கருதுவோர் உளராயின், அவர்கள் எமது பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்களாக. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமை தொடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டி வரை 21 நாட்கள் விநாயக விரதம். அந்நாட்களிற் சுன்னாகம் வரதபண்டிதர் பாடிய பிள்ளையார் கதையை ஒருவர் படிக்க, ஊர் கூடியிருந்து கேட்கும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தின் பத்து நாட்களிலும் திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லுவதும் எம்மிடையே உள்ள வழக்கம். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றவர் பொருள் விரிப்பார். எழுத்தறியாத மூதாட்டியும் அதைக் கேட்டுக் கேட்டே புராணம் முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டாள். பாலையூற்று லூர்து அன்னையின் அடியார்களுக்கோ கிறிஸ்து பிறப்பிற்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் வாசகமும் மறையுரையும் கேட்கும் நாட்களாகும். திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். பள்ளி செல்லாதவனும் செவியாற் கற்கலாம் என்பது எமது முன்னோர் கண்ட உண்மை. ஆகவே மாரியும் கேள்வியும் எமக்குப் பழைய உறவினரே. படிப்போரும் பயன் சொல்வோரும் குறைந்து வருவதே இன்றுள்ள குறை.

நிற்க. எமது நாட்டு மூத்தோரைப் பொறுத்தவரை இவ்விடயத்தில் வேறொரு நியாயமும் உண்டு. ஐரோப்பிய முதியவருக்கு இக்கல்வி ஒரு பந்தி உண்டபின் கிடைக்கும் இரண்டாம் பந்தி. எம்மவர் பலருக்கோ முதற் பந்தியே கிடைக்கவில்லை. இன்று எண்பதை எட்டிய தாய்மாருட் பருவமடைந்ததும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டோர் எத்தனை பேர்! தம்பிமாரைப் பார்த்துக்கொள்ளவென்று ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர்கள் எத்தனை பேர்! அதற்குப் பின்வந்த தலைமுறையைப் போர் பிடித்துக்கொண்டது. 1983, 1985, 1990 ஆகிய ஆண்டுகளில் திருகோணமலை மாவட்டம் பட்ட பாட்டை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1985-இற் பதினேழு வயதில் உயர்தர வகுப்பில் இருந்து, அகதி முகாமுக்கும் அயல்நாட்டுக்கும் ஓடியவர் இப்போது அறுபதை அணுகுகின்றார். அவர் விட்ட பாடம் விட்டபடியே கிடக்கின்றது. இத்தகையோருக்கு மாரிக்கால வகுப்பு வெறும் பொழுதுபோக்கு அன்று. நெடுநாளாகச் செலுத்தப்படாதிருக்கும் கடன் என்பதே எமது எண்ணம்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்பர் சிலர். குழந்தையை வளர்க்கும் முறை பற்றி எழுந்த பழமொழியை முதியோரின் அறிவுக்கு அளவுகோலாக்குதல் முறையன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலாசுப் பிரிவைச் சேர்ந்த டெனிஸ் பார்க் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு சாரார் மூன்று மாதம், வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம், கணினியின் துணையோடு புகைப்படக் கலையையோ ஒட்டுத்துணித் தையலையோ புதிதாகக் கற்றனர். வேறொரு சாரார் கூடிப் பேசி மகிழ்ந்தனர். புதிதாக எதையும் கற்கவில்லை. முடிவில் நினைவாற்றல் மேம்பட்டது கற்றவர்களிடத்தே. கூடிப் பேசுதல் நல்லதே. ஆனால் மூளைக்குச் சற்றுச் சிரமமான புதிய வேலையைக் கொடுத்தல் அதனினும் நல்லது என்பது இதன் பொருள்.

தமிழிற் கற்பதற்கு வழி உண்டா எனின், உண்டு. 2001-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம் பாடங்களையும் பழைய நூல்களையும் இணையத்தில் வைத்துள்ளது. 2005-இற் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இலவசமாகப் படிக்கத் தருகின்றது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் மரபு அறக்கட்டளையும் அறிஞர்களின் சொற்பொழிவுகளை இணையவழி நடத்தி வந்துள்ளன. பண்டம் இருக்கின்றது, பரிமாறுவோரே இல்லை. பொடி எழுத்தும், விரைந்த பேச்சும், இரண்டு மணி நேர நீளமும் முதியவரை முதல் நாளிலேயே விரட்டிவிடும். நாற்பது நிமிடப் பேச்சு, இருபது நிமிடக் கேள்வி, பெரிய எழுத்து, நிதானமான குரல் என்பவையே மூத்தோர் வகுப்புக்கு உரிய இலக்கணம்.

எமது ஊரிற் செய்யக்கூடிய ஒரு முறையைச் சொல்லுவோம். 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் அறுபது வயது நிரம்பியோரின் உரிமைகளைக் காக்க எழுந்தது. கிராம அலுவலர் பிரிவுகள் தோறும் முதியோர் சங்கம் அமைக்கும் ஏற்பாடும் நாட்டில் உள்ளது. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். பின்னர் அப்பங்கு மேலும் உயர்ந்துள்ளது. ஆகவே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒழுங்கைக்கு ஒரு வீடு. அவ்வீட்டில் ஒரு பெரிய திரை அல்லது நல்ல ஒலிபெருக்கியோடு ஒரு கைத்தொலைபேசி. அதைச் சுற்றி ஐந்தாறு கதிரைகள். பழைய வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பலர் கேட்டதுபோல, ஓர் இணைப்பில் அறுவர் கேட்கலாம். செலவு குறையும், தனிமையும் குறையும். மின்சாரம் நின்றுவிட்டால் அன்றைய பேச்சைப் பற்றித் தமக்குள் உரையாடலாம்.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். மாரிக் காலத்தில் எமது இரவு 8 மணி சென்னையிலும் 8 மணியே; இலண்டனிற் பிற்பகல் 2.30, ரொறன்ரோவிற் காலை 9.30. அண்ணன் கனடாவிலும் தங்கை பாலையூற்றிலும் இருந்தாலும் ஞாயிறுதோறும் ஒரே வகுப்பில் அமரலாம். சிட்னியில் அது நள்ளிரவு கடந்த 1.30 ஆதலால், அங்குள்ளோர்க்கு எமது பிற்பகல் 2 மணி பொருந்தும். அவர்களுக்கு அப்போது மாலை 7.30. 'சாப்பிட்டாயா? அங்கே மழையா?' என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துபோகும் தொலைபேசி உறவுக்கு, இதனாற் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைக்கும்.

எட்டு ஞாயிறுகளுக்கு என்ன பேசுவது? வடகீழ்ப் பருவக்காற்று எமக்கு மழை தருவதேன் என்று ஓர் ஆசிரியர் விளக்கலாம். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலப்பதையும், எமது துறைமுகத்தின் அருகே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு இருப்பதையும் மற்றொருவர் கூறலாம். திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவலென மதிக்கப்படுவது. அதற்கு ஒரு நாள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பற்றி ஒரு மருத்துவர். காணி உறுதி, மரணசாதனம் பற்றி ஒரு சட்டத்தரணி. எஞ்சிய மூன்று நாட்களை மூத்தோரிடமே விட்டுவிட வேண்டும். 1957 ஒக்டோபரிற் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்தபோது இருபது வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றார். 1964 டிசெம்பர்ச் சூறாவளியைச் சிறுவராயிருந்து கண்டோர் எழுபதைத் தாண்டிவிட்டனர். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் வாய்திறந்து பாட இன்னும் எத்தனை மாரி இருக்கும்? அவர்கள் பேசும்போது பதிவு செய்து, அவர்களின் சம்மதத்தோடு ஆவணக் காப்பகத்துக்கு அளித்தால், கேட்க வந்தவர்களே ஊருக்கு ஆசிரியராவர்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். முதியோரின் கைத்தொலைபேசியைக் குறிவைக்கும் மோசடிக்காரர் பலர். வகுப்பு நடத்துவோர் எவரும் வங்கி அட்டை இலக்கத்தையோ இரகசிய எண்ணையோ கேட்கமாட்டார்கள் என்பதை முதற் பாடமாகவே சொல்லிக்கொடுத்தல் அவசியம்.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு சொல். மூத்தோர் கல்விக்கு இணைப்பும் இயந்திரமும் பெருந்தடைகள் அல்ல. 'இது உங்களுக்கு விளங்காது, அம்மம்மா, தாருங்கள்' என்று கைத்தொலைபேசியைப் பறித்து, தாமே அழுத்திக் கொடுக்கும் பேரப்பிள்ளையின் அவசரமே பெருந்தடை. அழுத்திக் கொடுத்தல் உதவி அன்று; அழுத்தக் கற்பித்தலே உதவி. நீங்கள் 'அ' எழுதப் பழகிய நாளில், உங்கள் விரலைப் பிடித்து அரிசியில் நூறு முறை எழுதுவித்தவர் அவர். இப்போது அவர் விரல் திரையிற் தடுமாறினால் பத்து முறை பொறுத்திருப்பது பெரிய காரியமா? பாயும் கதிரையும் போட்டுப் பெரியோரை அமர்த்தி, வரும் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தமிழ்ச் சொற்பொழிவைத் தேடி எடுத்து வையுங்கள். முடிந்ததும் எழுந்து ஓடாமல், 'என்ன கேட்டீர்கள், அப்பப்பா?' என்று கேளுங்கள். மழை தாராளமாகப் பெய்யட்டும். அவர் சொல்லி முடிக்க நேரம் இருக்கின்றது.