தலைசுற்றல் அல்ல, தொழில் காயம்!

அமெரிக்கச் சீமான்களின் விருந்து மேசையிலே சிங்கி இறால் சிவந்து கிடக்கிறது. கடலடியில் அதைத் தேடிப் பிடித்தவன் எங்கே? மத்திய அமெரிக்காவிலே, ஹோண்டுராஸ் நாட்டின் மொஸ்கீத்தியா கரையிலே, கால் தடுமாறி, காது மந்தமாகிக் கிடக்கிறான் மிஸ்கீத்து இனத் தொழிலாளி!

காரணம் என்ன? முதுகிலே காற்றுச் சிலிண்டர். பிடித்த அளவுக்குத்தான் கூலி. ஆகவே ஒரே நாளில் பலமுறை ஆழம் இறங்கினான். ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் உடலிலே கரைகிறது. அவசரமாக மேலேறினால், மூடி திறந்த சோடாவைப் போலக் குமிழியாகப் பொங்குகிறது. அது உட்காதைத் தாக்கினால் உலகமே சுழலும், வாந்தி வரும், காது இரையும், கேள்வி குன்றும்.

இதைக் கடல் மயக்கம் என்று ஒதுக்கலாமா? கூடாது! உடனே ஆக்சிஜன் தரவேண்டும். அழுத்த அறையிலே சேர்த்துச் சிகிச்சை செய்யவேண்டும். தாமதித்தால், போன செவி திரும்பாமலே போகலாம்.

42 மிஸ்கீத்து முக்குளிப்போர் பற்றிய வழக்கில், 2021இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாளிகளைக் கண்காணிக்கத் தவறிய ஹோண்டுராஸ் அரசே பொறுப்பு என்றது. வரவேற்கிறோம்! ஆனால் ஏட்டிலே கிடக்கும் தீர்ப்பு எவன் காதையும் காக்காது.

படகிலே ஆக்சிஜன், கரையிலே அழுத்த அறை, ஆழத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு, பிடித்த அளவைப் பாராத நாட்கூலி — இவை பிச்சையல்ல, உரிமை என்கிறோம். இலாபம் முதலாளிக்கு, குமிழி மட்டும் தொழிலாளிக்கா?