டிஜே வேண்டாம் என்றால், பறைக்கு உரிய ஊதியம் கொடுப்போம்

"வரவேற்புக்கு டிஜே வேண்டாம் தோழர், நல்ல பறைக்குழு இருந்தால் சொல்லுங்கள்." மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமிருந்து இளைஞர்கள் எங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். மகிழ்ச்சி.

"கல்யாணத்தில் சாவு மேளமா?" என்று வீட்டில் யாராவது முகம் சுளிப்பார்கள். பறையைச் சாவோடு கட்டிப்போட்டது சாதிதான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடியும் ஊர்விலக்கும் வாங்கிய சேரிகள் உண்டு. கட்டாயத்தில் அடிப்பது அடிமைத்தனம். நம் விருப்பத்தில் அடிப்பது விடுதலை.

2015இல் பெசன்ட் நகரில் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, பறைக்கும் கர்னாடக இசைக்கும் சேர்த்தே இடம் கொடுத்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவைப் பெரிய மேடையில் ஏற்றியது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆனால் கைதட்டு சோறு போடாது. டிஜே கேட்கும் தொகையை மறுபேச்சின்றிக் கொடுப்பவர்கள், பறைக்குழுவிடம் "நம்ம சமூகத்துக்காக வாங்க" என்று பேரம் பேசுகிறார்கள். இதுவும் ஓசி உழைப்புதான்.

எனவே தோழர்களே: தொகையை முன்பே பேசி முன்பணம் கொடுங்கள். போக்குவரத்துச் செலவைத் தனியாகக் கொடுங்கள். தோல் பறையை நெருப்பில் காய்ச்ச மண்டபத்தில் இடம் கேட்டு வையுங்கள். உடை மாற்ற அறை கொடுங்கள். அழைப்பிதழில் குழுவின் பெயரைப் போடுங்கள். சாப்பாடு எல்லோரோடும் ஒரே பந்தியில்.

இவற்றைச் செய்ய முடியாதென்றால், டிஜேவையே கூப்பிடுங்கள்.