ஷைன் எ லைட் - அறுபது வயதுக்காரர்களின் ராக்

"அறுபது வயசுக்கு மேல இறுக்கமா பேன்ட் போட்டுக்கிட்டு மேடையில குதிக்கிறதெல்லாம் தேவையா?" ரோலிங் ஸ்டோன்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே கூடப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். நான் வாதாடுவதில்லை. மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கி 2008-இல் வெளிவந்த 'ஷைன் எ லைட்' படத்தைப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். ஸ்டோன்ஸ் 1962-இல் லண்டனில் தொடங்கிய குழு. 2006 அக்டோபர் 29, நவம்பர் 1 என்று இரண்டு இரவுகள் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் இவர்கள் நடத்திய கச்சேரிகள்தான் படம். அதே வருடம் பிப்ரவரியில் ரியோ டி ஜெனிரோ கடற்கரையில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கூட்டத்துக்கு முன்னால் வாசித்தவர்கள் இவர்கள். பீக்கனில் மூவாயிரம் பேர்கூட உட்கார முடியாது.

என்னைக் கேட்டால் படத்தின் பாதி வெற்றி இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஸ்டேடியத்தில் பின்வரிசைக்காரனுக்கு மிக் ஜாகர் ஒரு புள்ளி. அவ்வளவு காசு கொடுத்துப் போய், மேடைக்குப் பக்கத்தில் வைத்த ராட்சதத் திரையைத்தான் பார்க்கிறான். இங்கே ராபர்ட் ரிச்சர்ட்ஸன் தலைமையில் ஹாலிவுட்டின் பெரிய ஒளிப்பதிவாளர்கள் பலர் சேர்ந்து மேடையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். கேமரா கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அவ்வளவு பக்கத்தில் போனால் என்ன தெரியும்? வயது தெரியும்! ஜாகருக்கு அப்போது 63, கீத் ரிச்சர்ட்ஸுக்கு 62, டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸுக்கு 65. அவர்களில் சின்னவரான ரானி வுட்டுக்கே 59. முகத்தின் கோடுகள், கீத்தின் விரல் மூட்டுகள், வியர்வை எதையும் படம் மறைக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் சார்லி கேமராவைப் பார்த்து 'உஃப்' என்று ஒரு பெருமூச்சு விடுகிறார் பாருங்கள்... அடுத்த பாட்டு வந்ததும் அதே கை அதே தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. நேரில் போயிருந்தால் இந்தப் பெருமூச்சு நமக்குக் கிடைத்திருக்காது. "சினிமாவில் பார்ப்பது கச்சேரியே இல்லை" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அடுத்தது பட்டி கை வருகிற இடம். எழுபது வயது ப்ளூஸ் கலைஞர். மடி வாட்டர்ஸின் பாட்டு ஒன்றை ஸ்டோன்ஸோடு சேர்ந்து பாடுகிறார். முடிந்ததும் கீத் தன் கிதாரைக் கழற்றி அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுகிறார். இந்தக் குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து வந்ததுதான். இருபது வயதில் இவர்கள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது தங்களைவிட மூத்தவர்களின் இசையை. ப்ளூஸ்காரர் எழுபதில் பாடினால் 'அனுபவம்' என்கிறோம், ராக்காரர் அறுபதில் பாடினால் 'தேவையா?' என்கிறோம். என்ன நியாயம் இது? ராக் என்றால் இளமை என்பது இசைத்தட்டு விற்றவர்கள் கட்டிய கதை. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

குறைகளும் உண்டு. முதல் இரவு க்ளின்டன் அறக்கட்டளைக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி. அரங்கம் முழுக்கப் பணக்காரக் களை. பழைய பேட்டித் துண்டுகள் சுவாரசியமாக இருந்தாலும் வரலாறாகச் சேரவில்லை. 1969-இல் இறந்துபோன பிரையன் ஜோன்ஸின் கதையை இதில் தேடாதீர்கள். இவர்களின் இருண்ட பக்கம் வேண்டுமென்றால் 1970-இல் வந்த 'கிம்மி ஷெல்டர்' பாருங்கள். ஆல்டமாண்ட் கச்சேரியில் ஓர் இளைஞன் குத்திக் கொல்லப்பட்டது அதில் பதிவாகியிருக்கிறது. அதை எடுத்தவர்களில் ஒருவரான ஆல்பர்ட் மேசில்ஸ் இந்தப் படத்திலும் ஒரு கேமராவோடு நிற்கிறார்.

ஆனாலும் இன்றைக்கு இந்தப் படத்துக்கு வேறு ஒரு மதிப்பு வந்துவிட்டது. அந்த முதல் இரவில் மேடைக்குப் பின்னால் தவறி விழுந்த அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் அகமத் எர்டிகன் அதே டிசம்பரில் இறந்தார். படமே அவருக்குத்தான் சமர்ப்பணம். சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில், 80 வயதில் போய்ச் சேர்ந்தார். இனி எத்தனை ஆயிரம் டாலர் கொடுத்தாலும் இந்த நால்வரையும் ஒரே மேடையில் பார்க்க முடியாது. வயதானவர்கள் ஒதுங்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தால் இந்த இரண்டு மணி நேரமே நமக்கு மிஞ்சியிருக்காது.

லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்து வீணடிக்காதீர்கள். நல்ல ஹெட்போன் கடன் வாங்கியாவது பாருங்கள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும் :)