கலாநிதிப் பட்டத்தோடு போதுமா?



சென்ற மாதம் திருகோணமலையில் ஒரு தாயார் என்னிடம் வந்தார். "மௌலவி, மகள் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்திட்டா. தண்ணீர் மாசடைவது பற்றித்தான் ஆய்வு. இப்போ ஜெர்மனியில் இன்னும் இரண்டு வருடம் ஆய்வு செய்ய வேணுமாம். கலியாணமும் முடிந்து பிள்ளையும் இருக்கு. படித்தது போதாதா?" என்றார்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இது இன்னொரு படிப்பு அல்ல. பரீட்சையும் கிடையாது. மாதாந்தக் கொடுப்பனவோடு, சொந்தமாக ஆய்வு நடத்தப் பழகும் காலம் இது.

இந்த அறிவு நமக்குத் தேவையா? மகாவலி பல மாவட்டங்களின் வயல்களைக் கடந்து நமது கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் 1990களில் தென்படத் தொடங்கிய சிறுநீரக நோய்க்கு, கிணற்று நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் காரணமா என்று இன்றும் ஆராய்கிறார்கள். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. தேங்கி நிற்கும் நீரை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தை பர்ளு கிபாயாவில் சேர்த்தார்கள். நோய் வருமுன் நீரைச் சோதிக்கும் அறிவும் அவ்வாறானதே என்பது என் கருத்து.

வாய்ப்புகள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் நிறுவனம் எல்லா நாட்டவருக்கும் 6 முதல் 24 மாதங்கள் வரை உதவுகிறது. பட்டம் பெற்று நான்கு வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு அந்த வரம்பை நீட்டிக் கொடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி புலமைப்பரிசிலும் எல்லா நாட்டவருக்கும் உண்டு. இரண்டுக்கும் முதற்படி ஒன்றே: அங்குள்ள பேராசிரியர் ஒருவருக்கு ஆய்வுத் திட்டத்தை எழுதி, அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும்.

தனியே அனுப்புவதில் பெற்றோருக்குள்ள தயக்கத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தனியே போகத்தான் வேண்டும் என்பதில்லை. இவ்விரு திட்டங்களிலும் குடும்பத்துக்கான கொடுப்பனவும் உண்டு. கணவரும் பிள்ளையும் கூடவே போகலாம்.

அம்மானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் 1965இல் பிறந்தவர் ஒமர் யாகி. அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருவது வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை, சில மணி நேரம்தான். 1990இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அத்தோடு நிற்காமல் ஹார்வர்டில் மேலும் ஆய்வு செய்தார். பின்னர் பாலைவனக் காற்றிலிருந்தே நீரைப் பிடிக்கும் பொருட்களை உருவாக்கி, 2025இல் இரசாயனவியல் நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார். அவருடைய வீட்டார் "படித்தது போதும்" என்று சொல்லியிருந்தால்?

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "மருமகனையும் கூப்பிட்டு மூவரும் இருந்து பேசுங்கள். பிள்ளையை யார் பார்ப்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுங்கள். மகள் கற்று வருவது நமது கிணறுகளுக்குப் பயன்படட்டும் என்று துஆச் செய்யுங்கள்."

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மகள் இருக்கலாம். அல்லாஹ் நம் பெண்மக்களின் அறிவில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.