ஊருக்குத் திறந்த கடை

"உங்களுக்கென்ன சார், கிராமம் இருக்கு. பைக்க எடுத்துட்டுப் போனா அரை மணி நேரத்துல வெட்டிட்டு வந்துரலாம். நாங்கதான் இங்க பரதேசி மாதிரி கெடக்கோம்."

2020 மே 19ஆம் தேதி, வங்கியில் பக்கத்துக் கவுண்டர் நண்பர் என்னிடம் சொன்னது இது. ஊரகப் பகுதிகளில் மட்டும் முடிதிருத்தும் கடைகளைத் திறக்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்த நாள். (அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை எந்த ஊரில் முடி வெட்டுகிறார்கள்? உத்தரவு போடுகிறவர்களுக்குச் சலூனைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதற்கு இது ஒன்றே போதும்.) மார்ச் 24 மாலையிலிருந்து எட்டு வாரம். கிளையில் எல்லாருமே சாமியார்களாகியிருந்தோம். ஜன்தன் கணக்கில் விழுந்த 500 ரூபாயை எடுக்க, வெயிலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்ற பெண்கள், எங்கள் தலைகளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நண்பர் நல்லவர். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவர். அவர் தெரியாமல்தான் சொன்னார். அவருக்குத் தெரியாமலிருந்தது எப்படி என்பதுதான் என் கேள்வி.

நான் பிறந்த சேரி அந்த டவுனிலிருந்து 14 கிலோமீட்டர். ஊரில் ஒரு சலூன் உண்டு. ஒரு நாற்காலி, ரசம் போன ஒரு கண்ணாடி, பெஞ்சில் தினசரிப் பேப்பர். அந்த நாற்காலியில் எங்கள் ஆள் ஒருத்தரும் இதுவரை உட்கார்ந்ததில்லை. என் அப்பா, எனக்கு நினைவு தெரிந்த நாளாய், மாதம் ஒருமுறை பஸ் ஏறி டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்த்தான் வெட்டிக்கொள்வார். வெட்டுக்கூலி ஒரு பக்கம், பஸ் சார்ஜ் ஒரு பக்கம், போகவர அரைநாள் வேலை ஒரு பக்கம். மயிர் வெட்டுவதற்கு நாங்கள் கட்டும் சாதி வரி இது. எந்த பட்ஜெட்டிலும் இது வராது.

இப்போது அந்த உத்தரவைச் சேரியில் நின்று படியுங்கள். எங்களுக்கு வெட்டாத கடை திறந்தாயிற்று. எங்களுக்கு வெட்டும் கடை மூடிக் கிடக்கிறது. அங்கே கொண்டுபோய்விடும் பஸ் ஓடவில்லை. மே 24இல் சென்னை தவிர்த்த மற்ற நகரங்களில் திறக்கச் சொன்னார்கள். பஸ் ஜூன் 1 வரை இல்லை. அப்புறம் ஜூலை 1இல் பஸ்ஸை நிறுத்தி ஆகஸ்ட் முடியும்வரை ஓடவிடவில்லை. கடை திறந்தால் பஸ் இல்லை, பஸ் வந்தால் வேறொன்று. வியாதியைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'ஊரகப் பகுதி' என்று அரசாணையில் எழுதுகிற கை, ஊர் வேறு சேரி வேறு என்று தெரியாத கையா? தேர்தல் நேரத்தில் ஓட்டை எண்ணும்போது நன்றாகத் தெரிகிறதே!

தம்பி அந்தச் செவ்வாய்க்கிழமையே ஊர்க்கடைக்குப் போனான். அரசாங்கமே திறக்கச் சொல்லியிருக்கிறதே என்ற தைரியம். கடைக்காரர் சின்ன வயசிலிருந்து எங்களுக்குத் தெரிந்தவர். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாராம்: "வெளியாளுக்கு வெட்டக் கூடாதுன்னு கவுருமெண்டு சொல்லிருக்குப்பா."

வெளியாள்! அதே பஞ்சாயத்து, அதே வாக்காளர் பட்டியல், அதே ரேஷன் கடை. முன்பெல்லாம் "கத்தி மொன்னையா கெடக்கு" என்பார், "பொழுது போயிருச்சு" என்பார். கொரோனா அவருக்கு மரியாதையான ஒரு காரணத்தைக் கொடுத்தது. 'சமூக இடைவெளி' என்று அரசு தெருவெங்கும் மைக்கில் சொல்லிக்கொண்டு போனதே, எங்கள் சனத்துக்கு அது என்ன புதுச் சொல்லா?

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு டவுன் கடைக்கு வந்தேன். பைக் உள்ள மகன் இல்லாத அப்பாக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். கடை வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு நோட்டு. பேர், விலாசம், போன் நம்பர், ஆதார் நம்பர் எழுதி வாங்க வேண்டும் என்று அந்த வாரம்தான் புது விதிமுறை வந்திருந்தது. முகக்கவசம் போடு, கையுறை மாட்டு, ஏசி போடாதே, அதோடு ஆதார். பையன் அட்டையை வாங்கி விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டுப் படித்து எழுதுகிறான். எங்களுக்கு முன்னால் நாலு பேர். அப்பா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அட்டையில் ஊர்ப் பேருக்கு முன்னால் 'ஆதிதிராவிடர் காலனி' என்று இருக்கிறது. அந்தக் கடையில் இத்தனை வருசமாக அவர் வெறும் 'பெரியவர்'. எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. அதற்காகத்தானே பஸ் ஏறி அங்கே வந்தது!

"வேணாம்டா, வீட்டுலயே பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

கடைக்காரர் வெட்டியிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. வெட்டியிருக்கலாம். ஆனால் அப்பா அந்தப் பரீட்சையை எழுதத் தயாராயில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. அப்பாவின் அட்டையில் அது அப்படியேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் தம்பி துணி வெட்டும் கத்திரிக்கோலால் அவருக்கு வெட்டிவிட்டான். அதே நாட்களில் புருசனுக்குப் பெண்டாட்டி முடிவெட்டும் வேடிக்கைப் படங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. சிரித்தார்கள், 'லாக்டவுன் கட்டிங்' என்று பேர் வைத்தார்கள், கவிஞர்கள் அதற்குக் கவிதையும் எழுதினார்கள். சதாராவில் சிறுவன் அம்பேத்கருக்கு அவருடைய அக்காதான் முடிவெட்டினார். ஊரில் நாவிதர் இல்லாமலில்லை, கொடுக்கக் காசு இல்லாமலில்லை, தீண்டத்தகாதவனுக்கு வெட்ட ஆள் இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சாதி இந்துக்களுக்கு ரெண்டு மாத வேடிக்கை, எங்களுக்குத் தலைமுறைகளின் ஏற்பாடு.

கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்க முடியாது, தோழர்களே. அவரும் ஊரின் சாவுக்கும் வாழ்வுக்கும் கட்டளைக்கு ஓடும் ஆள்தான். கர்நாடகத்தில் நஞ்சன்கூடு தாலுகா ஹல்லரே கிராமத்தில், தலித்துகளுக்கு வெட்டிய நாவிதர் குடும்பத்தை விலக்கி வைத்து 50,000 ரூபாய் தண்டம் கேட்டதாக 2020 நவம்பரில் செய்தி வந்தது. ஊரடங்கில் அவர்கள் பட்டினி கிடந்தார்கள், நிவாரணம் கேட்டார்கள். அது நியாயமான கோரிக்கை, நானும் ஆதரித்தேன். ஆனால் திறக்க அனுமதி கொடுத்த விதிமுறையில், கையுறைக்கும் துண்டுக்கும் இடமிருந்த காகிதத்தில், 'எவருக்கும் மறுக்கக் கூடாது' என்று ஒரே ஒரு வரி சேர்க்க எந்தச் சங்கம் கேட்டது? எந்தக் கட்சி கேட்டது?

புதுச் சட்டம் தேவையில்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 'கடை' என்கிறது. அந்தக் கடை என்பது கேட்டு வருகிறவருக்குச் சேவை தரும் எந்த இடமும்தான் என்று அம்பேத்கர் 1948 நவம்பரிலேயே அவையில் விளக்கிவிட்டார். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, 6ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை பெற்றவரின் லைசென்ஸை ரத்து செய்ய 8ஆம் பிரிவு இருக்கிறது. கடையை மூட வைக்க ஒரே நாளில் முடிந்த அரசுக்கு இது மட்டும் கைக்கு எட்டவில்லை.

2021 ஏப்ரல் 26இல் மறுபடி மாநகராட்சி, நகராட்சிக் கடைகளை மூடினார்கள். கிராமக் கடைகள் மேலும் சில நாட்கள் திறந்திருந்தன. அதே கதை. அந்த முறை தம்பி முன்னெச்சரிக்கையாக ஒரு மிஷின் வாங்கி வைத்திருந்தான்; சேரிப் பையன்கள் தண்ணீர் டேங்கு மேடையில் வரிசையாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டார்கள். நன்றாகவே வெட்டுகிறான். அதனால் விசயம் முடிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நமக்கு நாமே கடை வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். வைக்கலாம். அந்த நாற்காலி?

எழுதிவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் அந்த ஊர்க்கடைக்குப் போகிறோம். மூன்று கல்லூரி மாணவர்கள் கூட வருகிறார்கள். 6ஆம் பிரிவை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், பஞ்சாயத்துத் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தபால் போட்டாயிற்று. அப்பாவைக் கூப்பிட்டேன். "நான் வரலடா. அவன் கையில கத்தி இருக்கும், நீ தலையக் குனிஞ்சு உக்காந்திருப்ப" என்றார். ஆனாலும் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டார்.